அகலக்கால்

என் மார்பு முப்பத்தாறு அங்குலம். மூச்சை இழுத்துப் பிடித்தால் முப்பத்தேழு. நான் வீட்டில் வாங்கிப் போட்டிருந்த பெஞ்சின் மெத்தை பத்து அங்குலம். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை அகலமாக்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தபோது, எது சுலபமோ அதைச் செய்தேன். கோயம்புத்தூரில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்?

ஐம்பதை நெருங்கும்போது சிலருக்கு ஆன்மிகம் வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்குப் பளு தூக்கும் ஆசை வந்தது. ஜிம்முக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கே பின்னால் நின்று, "முடிச்சுட்டீங்களா அங்கிள்?" என்று கேட்கும் பையன்களின் பணிவைத் தாங்குகிற பலம் எனக்கு இல்லை. இரும்பைத் தாங்கும் பலம் இருக்கிறதா என்று வீட்டிலேயே ரகசியமாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ரகசியம் என்ற எண்ணம் எவ்வளவு அசட்டுத்தனம் என்பது கீழ்வீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வாங்கியது எல்லா விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடைக்கிற சாதாரண பெஞ்சு. மீரட், ஜலந்தர் பக்கமிருந்து அட்டைப்பெட்டியில் பிரித்துப் போட்டு வரும். நட்டு போல்ட்டை நாமே முடுக்கி நிறுத்திக்கொள்ள வேண்டும். தலைமாட்டில் ராடு வைக்க இரண்டு தூண்கள், அவற்றுக்கு நடுவே 66 சென்டிமீட்டர் இடைவெளி. கூடவே ஐந்தடி ராடு ஒன்று, வார்ப்பிரும்பு பிளேட்டுகள் சில. கடையில் நான் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு வெயிட் தாங்கும்?" "இருநூறு கிலோ தாங்குமுங்க சார்." அந்த இருநூறில் மேலே படுக்கிறவனின் எழுபத்திரண்டு கிலோவும் சேர்த்தி என்று கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிரச்சினை அந்தப் பக்கத்திலிருந்து வரவும் இல்லை. இருநூறு கிலோவின் திசைக்கே நான் போனதில்லை.

ஒருநாள் தூக்கி முடித்து, ராடைத் தூணில் வைத்துவிட்டு எழுந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வலது பக்கத்துப் பிளேட்டுகளைக் கழற்றத் தொடங்கினேன். இடது பக்கத்தில் இருபது கிலோ அப்படியே இருந்தது. வலது பக்கத்தின் கடைசிப் பிளேட் கைக்கு வந்ததும் ராடின் முனை என் மூக்குக்கு முன்னால் மெல்ல மேலே கிளம்பியது. பிடிக்கலாமென்றால் இரண்டு கையிலும் பத்துக் கிலோ பிளேட். இடது முனை தரைக்குப் போனது. வலது முனை கொக்கியை விட்டுத் துள்ளிப் பக்கத்திலிருந்த பீரோ கதவில் போய் இடித்தது. இடது பக்கத்துப் பிளேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு, அங்கே ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டு அடங்கின. பீரோவில் விழுந்த குழியின் மேல் என் மனைவி ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். முருகன் சற்று உள்வாங்கித் தெரிவார்.

இதற்கான கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்குதான். ராடு ஏழு கிலோ. அதன் நடுப்புள்ளி தூணிலிருந்து 33 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. பிளேட் தொங்குவது அதே தூணிலிருந்து ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் வெளியே. ஆக, மறுபக்கம் காலியாக இருக்கும்போது ஒரு பக்கத்தில் ஏழரைக் கிலோ இருந்தாலே ராடு கவிழ்ந்துவிடும். ஏழரை எங்கிருந்தெல்லாம் பிடிக்கிறது பாருங்கள். போட்டிகளில் வைத்திருக்கும் ராடு 20 கிலோ, நீளம் ஏழடிக்கு மேல். தூண்களுக்கு நடுவே 110 சென்டிமீட்டர் விட்டு அதை வைத்தால், ஒரு பக்கத்தைக் காலியாக்கி மறுபக்கத்தில் எழுபது கிலோ விட்டாலும் அசையாது. பிளேட் தூணை ஒட்டியே தொங்குவதால் கவிழ்ப்பதற்கு நெம்பு கிடைப்பதில்லை.

இதிலிருந்து புத்தியுள்ளவன் தெரிந்துகொள்ள வேண்டியது, தூண்களை விலக்க வேண்டும் என்பது. அதுவும் முடியாவிட்டால் பிளேட்டை இரண்டு பக்கமும் மாறி மாறிக் கழற்றினால் போதும், செலவே இல்லை. நான் தெரிந்துகொண்டது, "பெஞ்சு குறுகலாக இருக்கிறது" என்பது. எந்த இடம் குறுகல் என்று யோசிக்காமல் கண்ணில் பட்ட முதல் குறுகலான பாகத்தைப் பிடித்துக்கொண்டேன். அது மெத்தை.

மெத்தையின் மேலும் தப்பில்லாமல் இல்லை. மல்லாந்து படுத்துக் கம்பியை இறக்கும்போது இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னுக்கு இழுத்து, ஒன்றையொன்று நெருங்கவைத்து, பலகையில் அழுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிமானத்தில்தான் தோள்மூட்டு பத்திரமாக இருக்கிறது, கம்பியும் ஆடாமல் இறங்குகிறது. பத்து அங்குலத்தில் படுத்தால் எலும்புகளின் வெளி ஓரம் இரண்டும் அந்தரத்தில் நிற்கும், உடம்பு இப்படியும் அப்படியும் உருளப் பார்க்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் கூடமும் கொஞ்சம் கோணல்தான், ஆட்டமும் தெரியாது. இரண்டில் கூடத்தைப் பற்றி மட்டும் பேசினேன்.

எவ்வளவு அகலம் வைக்கலாம் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய காட்சியைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் அதே ரியோவில் நடந்த பளு தூக்கும் போட்டி தானாக ஓட ஆரம்பித்தது. ஈரான் நாட்டு சியாமந்த் ரஹ்மான் படுத்தபடி 310 கிலோவைத் தூக்குகிறார். பாராலிம்பிக்கில் முந்நூறைத் தாண்டிய முதல் ஆள் அவர். மற்றவர்கள் அந்தக் கைகளைப் பார்த்து வியந்திருப்பார்கள். என் கண் போனது அவருக்கு அடியில் இருந்த பெஞ்சின் மேல். இரண்டடி அகலம்! ரஹ்மானுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டதாகவே நினைத்தேன்.

குஷன் கடைக்காரர் ஆட்டோ சீட்டும் சோபாவும் தைக்கிறவர். "ஒன்றரை அடி அகலம், நாலடி நீளம்" என்றதும், "உக்காரவாங்ணா, படுக்கவாங்ணா?" என்று கேட்டார். "படுத்து வெயிட் தூக்க" என்றேன். என் வயிற்றை ஒருமுறை பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. ஆறு நூல் பிளைவுட், அதன் மேல் நான்கு அங்குல ஃபோம், கறுப்பு ரெக்ஸின், அடியில் சுற்றிலும் ஸ்டேப்ளர். ஃபோமில் இரண்டு ரகம் காட்டினார். கழிவு ஃபோமைத் துண்டாக்கி அழுத்திச் செய்த ரீபாண்டட் ஃபோம் கல்லாக இருந்தது. மெத்தைக்குப் போடுகிற ஃபோம் கையை வைத்ததும் உள்வாங்கிக்கொண்டது. பளு தூக்க வேண்டியது கல் ரகம். நான் கையை வைத்துப் பார்த்துச் சுகமாக இருந்ததை எடுத்தேன்.

புதுப் பலகை வந்து பொருத்தியதும் என் பலம் ஒரேயடியாகக் கூடிவிட்டது. இது சத்தியம். பழைய பெஞ்சில் நாற்பத்தேழு கிலோவோடு மூச்சு வாங்கியவன் புதுப் பெஞ்சில் அறுபதைச் சிரித்துக்கொண்டே தூக்கினேன். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொன்னேன். கருவியில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஓர் இளைஞனுக்கு அறிவுரைகூட வழங்கினேன்.

விடுமுறைக்கு வந்த தம்பி மகன் ஓரமாக நின்று நான் தூக்குவதைப் பார்த்தான். அவன் கல்லூரியில் போட்டிகளுக்குப் போகிறவன். "பெரியப்பா, கம்பி நெஞ்சைத் தொடவே இல்லையே" என்றான். "தொடுது, நீ சரியாப் பாரு" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு அவன் சொன்னது: "உங்க புஜம் ரெண்டும் பலகையில வந்து உக்காந்துக்குது. அங்கேயே நின்னுடுது. பாதி தூரம்தான் தூக்கறீங்க." பலகை தோளைவிட அகலம் என்பதால் கை அதற்குக் கீழே இறங்க இடமில்லை. நெஞ்சுக்கு நான்கு விரல் உயரத்தில் கம்பி நின்றுவிடுகிறது. கஷ்டமான பாதியை பிளைவுட் பார்த்துக்கொள்ள, சுலபமான பாதியை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெஞ்சு வருவதற்கு முந்திய காலத்தில் பயில்வான்கள் தரையில் படுத்து இப்படித்தான் தூக்கினார்கள். 1899இல் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் தரையில் படுத்து 361 பவுண்டு, அதாவது சுமார் 164 கிலோ தூக்கியதாகப் பதிவு இருக்கிறது. அவர் அதற்குக் குஷன் கடைக்குப் போகவில்லை. ஒரு பாயைக்கூட விரிக்காமல் இலவசமாகச் செய்திருக்க வேண்டியதை நான் ரெக்ஸின் போட்டுச் செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பலகையை மனதார ஏற்றுக்கொண்டவர் என் மாமியார் ஒருவர்தான். ஊரிலிருந்து வந்தவர் அதில் காலை மடக்கி உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டே, "மாப்பிள்ளை கட்டில் செஞ்சிருக்காரு, நல்லாத்தான் இருக்குது. இன்னும் ரெண்டடி நீட்டியிருக்கலாமுங்க" என்றார்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நட்டம் ஒரு பலகையோடு போயிருக்கும். ஆனால் தடித்த மெத்தையால் பெஞ்சின் உயரம் 45 சென்டிமீட்டரிலிருந்து 52க்கு ஏறியிருந்தது. நான் ஐந்தடி நான்கு அங்குலம். படுத்தால் குதிகால் தரையை எட்டவில்லை. படுத்துத் தூக்குகிறவனுக்குக் கால்தான் அஸ்திவாரம், அது தொங்கினால் இடுப்பு நழுவும். காலுக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு செங்கல் வைத்தேன். கால் எட்டியது. ஆனால் மெத்தை உயர்ந்த அளவுக்குத் தூணின் கொக்கி தாழ்ந்துவிட்டதல்லவா? முன்பு கையை ஏறக்குறைய நீட்டியபடியே ராடை எடுக்கலாம். இப்போது எடுப்பதற்கே பாதி மடக்கிய கையோடு ஒரு முக்கு முக்க வேண்டியிருந்தது. தூணை உயர்த்த வேண்டும். உயர்த்துவதுதான் உயர்த்துகிறோம், அப்படியே அகலமாகவும் வைத்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. பீரோ குழி விழுந்த அன்றே தோன்றியிருக்க வேண்டிய யோசனை.

கணபதிப் பக்கம் ஒரு பட்டறைக்காரரைப் பிடித்தேன். தாளில் நான் வரைந்து கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்னங்ணா, மாட்டு வண்டி அச்சு மாதிரி இருக்குது?" என்றார். விளக்கினேன். இரண்டுக்கு இரண்டு சதுரக் குழாய், பதினான்கு கேஜ், அதாவது இரண்டு மில்லிமீட்டர் தகடு. தூண்களுக்கு நடுவே 110 சென்டிமீட்டர். மேலே கனம் ஏறுவதால் அடியில் கால்களையும் அதே அளவுக்கு விரிக்க வேண்டும் என்று அவரே சொன்னார். நல்ல வேலைக்காரர். நான் சொன்னதை அப்படியே செய்தார் என்பதைத் தவிர அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

தூண் விலகியதும் ஐந்தடி ராடு பயனற்றுப் போனது. பிளேட் நிற்கவேண்டிய இடத்தில் தூண் நின்றது. ஏழடி ராடு வாங்கினேன். அதன் முனை ஐம்பது மில்லிமீட்டர் கனம், என் பிளேட்டுகளின் ஓட்டையோ இருபத்தெட்டு. வேறு ஊராக இருந்தால் புது பிளேட் வாங்கியிருப்பார்கள். இங்கே தெருவுக்குத் தெரு லேத் இருக்கிறது. "போரிங் போட்டுத் தரேனுங்ணா" என்று ஒருவர் எல்லாவற்றையும் லேத்தில் மாட்டி, ஓட்டையைக் கச்சிதமாகப் பெரிதாக்கிக் கொடுத்தார். கச்சிதம் என்றால் அப்படியொரு கச்சிதம், ராடில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பெரிதாக்கியபோது சீவிப்போன இரும்பு எங்கே போயிற்று என்று வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தபோது பத்துக் கிலோ பிளேட் ஒன்பதே முக்கால் காட்டியது. சர்வதேச பவர்லிஃப்டிங் போட்டி பிளேட்டுகளில் கால் சதவீதம் வரைதான் கூடக் குறைய இருக்கலாம். பத்துக் கிலோவுக்கு அது இருபத்தைந்து கிராம். என்னுடையது அதைப்போல் பத்து மடங்கு. பிளேட்டின் மேல் வார்ப்பில் "10" என்று இருப்பதால் வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

சட்டத்தை அறைக்குள் கொண்டுபோக வேண்டிய கதவு விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒன்றும் கணக்குப் பார்க்காத ஆள் இல்லை. இரண்டாவது மாடியில் இவ்வளவு இரும்பு வைக்கலாமா என்று கட்டடத் தரநிலையையே தேடிப் படித்தேன். ஐ.எஸ். 875 படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கட்டப்பட வேண்டும். நான், ராடு, பிளேட், பெஞ்சு எல்லாவற்றையும் கூட்டி, விரிந்த கால்களின் பரப்பில் வகுத்து, பாதகமில்லை என்று முடிவுசெய்து, குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அவரும் அசந்துபோனார். அறைக் கதவின் அகலம் மூன்றடி என்பதை மட்டும் நானும் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நூற்றுப்பத்து சென்டிமீட்டர் தொண்ணூற்றொன்றுக்குள் நுழையுமா? நேராக, பக்கவாட்டில், தலைகீழாக, எல்லாம் பார்த்தாயிற்று. எப்படித் திருப்பினாலும் ஒரு கால் வராந்தாவிலேயே நின்றது.

பட்டறைக்காரர் கீழே கொண்டுபோய்ச் சட்டத்தை நாலாக அறுத்தார். துண்டுகளோடும் சிறிய வெல்டிங் மிஷினோடும் மேலே வந்தார். அறையின் தரை முழுக்க நனைத்த கோணிச் சாக்கு விரித்தோம். ஜன்னல் திரையைக் கழற்றினோம். முதலில் நாலு மூலையிலும் ஸ்பாட் அடித்து நிறுத்தி, நூல் பிடித்து, என்னைப் படுக்கச் சொல்லி உயரம் பார்த்து, பிறகு முழு வெல்டு ஓட்டினார். வெல்டிங் ராடு வைத்து இழுக்கும்போதெல்லாம் வீட்டு டிரிப்பர் விழுந்தது. நான் ஹாலுக்கு ஓடித் தூக்கிவிட்டேன். என் மாமியார் பார்த்துக்கொண்டிருந்த சீரியல் ஒவ்வொரு முறையும் முக்கியமான இடத்தில் அணைந்தது. சாக்கு காய்ந்த ஓர் இடத்தில் பொறி விழுந்து டைல்ஸில் உளுந்து அளவில் கறுப்புப் புள்ளிகள் பதிந்துவிட்டன. எந்த ஆசிட்டுக்கும் போகவில்லை. வாடகை வீடு இது.

சட்டம் நின்றதும் தம்பி மகன் பாராலிம்பிக் பெஞ்சின் அளவைத் தேடி எடுத்துக் காட்டினான். நீளம் 2.10 மீட்டர். அகலம் 61 சென்டிமீட்டர், நான் பார்த்தது சரிதான். அந்த வீரர்களின் கால்கள் தரையில் ஊன்றுவதில்லை, பெஞ்சின் மேலேயே நீட்டிக் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கால்களுக்காகத்தான் இரண்டடி. தலைப் பக்கம் வரும்போது, முதுகும் தோளும் படுகிற இடத்தில், பலகை 30.5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கை இறங்க வழி வேண்டுமே! ரஹ்மானின் பருத்த உடம்பு அந்தச் சுருக்கத்தை முழுக்க மறைத்திருந்தது. கால் ஊன்றித் தூக்குகிறவர்களின் போட்டியில் சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி பெஞ்சின் அகலம் 29க்குக் குறையக் கூடாது, 32ஐத் தாண்டக் கூடாது. உயரம் 42 முதல் 45 வரை. கடையில் வாங்கிய பழைய பெஞ்சின் உயரம் சரியாகவே இருந்திருக்கிறது. அகலத்தில் இடித்தது வெறும் மூன்றரை சென்டிமீட்டர். இரண்டு விரல் சொச்சம்.

பலகை மீண்டும் குஷன் கடைக்குப் போனது. ஒரு அடிக்கு அறுத்து, இரண்டு அங்குல ரீபாண்டட் ஃபோம் போட்டு, அதே ரெக்ஸினைத் திருப்பித் தைத்துக் கொடுத்தார். "மிச்சத் துண்டு வேணுமுங்களா?" என்றார். அதற்கு நான்கு கால் வைத்து மாமியாருக்கு ஸ்டூலாக்கிக் கொடுத்திருக்கிறேன். மெத்தை தாழ்ந்ததும் தூணின் கொக்கி உயரமாகிவிட்டது என்பதை ஊகித்திருப்பீர்கள். அதற்காக இன்னொரு ஜோடிக் கொக்கி கீழே வெல்டு வைத்தோம், இன்னும் சில உளுந்துகளோடு. செங்கல்கள் மொட்டை மாடிக்குப் போயின. கம்பி இப்போது நெஞ்சைத் தொடுகிறது. தொடும்படி தூக்குவது இன்னும் ஐம்பதை எட்டவில்லை. அலுவலகத்தில் அறுபது என்பதை நான் திருத்திச் சொல்லவும் இல்லை.

இந்த ஆனியில் வீடு மாறுகிறோம். போகும் இடத்தில் பெஞ்சுக்கு இடமில்லை என்று மனைவி சொல்லிவிட்டார், நானும் ரொம்ப வாதாடவில்லை. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினான்கு கேஜ் சட்டம், மெத்தை ஒரு அடி அகலம், நாலடி நீளம், தரையிலிருந்து 44 சென்டிமீட்டர், தூண்களுக்கு நடுவே 110. விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது, ஆட்டம் இல்லை, கவிழாது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்பேனர் வேண்டாம், கட்டிங் மிஷின் கொண்டு வாருங்கள். நனைத்த சாக்கு நான் தருகிறேன்.